இன்று என்ன நாள்?

(ஒரு கிராமத்துப் படிப்பகத்தில் தினக்கேள்விப் பலகை வைத்து ஒரு வருஷம் ஆனதை முன்னிட்டு, பிப்ரவரி 17-ந் தேதி மாலை நடந்த கூட்டத்தில் பேசியது.)



"இன்று என்ன நாள்?" என்று நம் ஊரில் போகிறவர் வருகிறவர்களில் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். கிழமையைச் சொல்லுவார்கள். கூடவே ராகுகாலம் எத்தனை மணிக்கு, எமகண்டம் எத்தனை மணிக்கு, அஷ்டமியா நவமியா, சந்திராஷ்டமம் எந்த ராசிக்கு என்பதையெல்லாம் நாம் கேளாமலே சொல்லிவிடுவார்கள். சுவரில் தொங்குகிற காலண்டர்த் தாளைக் கிழித்தவுடன் முதலில் கண் போவது அங்கேதான். ஆனால் இதே தேதியில் உலகத்தில் எந்த மனிதன் என்ன காரியம் செய்தான், அதனால் நமக்கு என்ன வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லுவதற்கில்லை. அப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அதற்காகத்தான் போன வருஷம் இதே தேதியில் இந்தப் படிப்பகத்து வாசலில் ஒரு கரும்பலகை வைக்கப்பட்டது. காலையில் அந்தத் தேதியில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுதுவது. விடை தெரிந்தவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதித் தகர டப்பாவில் போடுவது. மாலையில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடையைப் படிப்பது. மாதக் கடைசியில் அதிகமாகச் சரியான விடை எழுதினவருக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பது. செலவெல்லாம் சுண்ணக்கட்டிச் செலவுதான்.

இதைச் சிலர் பரிகாசம் செய்கிறார்கள். "எவனோ பிறந்த தேதியும் எவனோ செத்த தேதியும் தெரிந்துவிட்டால் வயிறு நிறைந்துவிடுமா? உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டுமானால் உபயோகப்படும், மற்றவர்களுக்கு எதற்கு?" என்கிறார்கள். தேதிகளை மனப்பாடம் செய்யமாட்டாமல் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவர்களில் நானும் ஒருவனாகையால், அவர்கள் சொல்லுவதில் நியாயமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. வெறும் மனப்பாடமானால் அது கிளிப்பிள்ளை வேலைதான். சகஸ்ரநாமம் ஒப்பிக்கிறவனுக்கும் தேதி ஒப்பிக்கிறவனுக்கும் அப்போது வித்தியாசம் கிடையாது.

ஆனால் இன்றையத் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1600-வது வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி, ரோமாபுரியில் கம்போ தே ஃபியோரி என்கிற சந்தை மைதானத்தில் ஒரு மனிதரை உயிரோடு கட்டி வைத்துக் கொளுத்தினார்கள். அவர் பெயர் ஜோர்தானோ புருனோ. நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் நோலா என்கிற ஊரில் 1548-ல் பிறந்தவர். முதலில் பாதிரி மடத்தில் சேர்ந்து சன்னியாசியாக இருந்தவர்தான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்னிக்கஸ் 1543-ல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்து, அதற்கு மேலும் ஒரு படி போய், ஆகாயத்தில் தெரிகிற நட்சத்திரங்களெல்லாம் நம் சூரியனைப் போன்ற சூரியன்களே, அவைகளைச் சுற்றியும் உலகங்கள் இருக்கும், பிரபஞ்சத்துக்கு எல்லையே கிடையாது என்று சொன்னார். வெனிஸ் நகரத்தில் தன் வீட்டில் தங்கவைத்த பிரபுவே 1592-ல் அவரைக் காட்டிக்கொடுத்தான். மறு வருஷம் ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். ஏழு வருஷம் சிறையில் போட்டு, "சொன்னதெல்லாம் தப்பு என்று ஒப்புக்கொள், விட்டுவிடுகிறோம்" என்றார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. எரிக்கக் கொண்டுபோகிற வழியில் ஜனங்களிடம் பேசிவிடப் போகிறாரென்று நாக்கைக் கட்டிக் கொண்டுபோனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. புருனோவை நம்மவர்கள் சிலர் நாத்திகர் என்று மேடையில் பேசிவிடுகிறார்கள். அவர் நாத்திகரல்ல, அவருக்கென்று ஒருவிதமான கடவுள் எண்ணம் இருந்தது. அவர் மீது சாட்டப்பட்ட குற்றங்களில் பெரும்பாலானவை திரியேகம், ஏசுவின் தெய்வத்தன்மை போன்ற மத சம்பந்தமானவை. உலகங்கள் பல என்றது அவைகளில் ஒன்று. அதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? தன் புத்திக்குப் பட்டதைச் சொன்னதற்காக ஒரு மனிதனைக் கொளுத்துவது, அவன் ஆத்திகனானாலும் நாத்திகனானாலும் ஒரே அக்கிரமந்தான். 289 வருஷங் கழித்து, 1889 ஜுன் 9-ந் தேதி, அதே மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது.

நிற்க, இதே பிப்ரவரி 17-ந் தேதிக்கு நமக்குச் சொந்தமான இன்னொரு விசேஷமும் உண்டு. 1929-ம் வருஷம் பிப்ரவரி 17, 18 தேதிகளில்தான் செங்கற்பட்டில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் தலைமை வகித்தார்கள். பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை ஒட்டவைத்துக்கொள்ளக் கூடாதென்றும், பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டுமென்றும் அங்கே தீர்மானித்தார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தீர்மானங்களைப் படித்துச் சிரிக்காதவர் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஒரே தேதியில் ஒரு பக்கம் புருனோ, இன்னொரு பக்கம் செங்கற்பட்டு! இதைக் கேட்டவுடனே நம் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இந்தத் தேதிக்கே ஏதோ ஒரு சக்தி இருக்கும் போலிருக்கிறதே" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பஞ்சாங்கத்தை வாசல் வழியாகத் துரத்தினால் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது பார்த்தீர்களா? வருஷத்துக்கு இருப்பது 365 நாள். மனிதர்கள் செய்த காரியங்களோ கோடிக்கணக்கு. எந்தத் தேதியை எடுத்தாலும் இரண்டு காரியம் ஒத்துப்போகத்தான் செய்யும். டிசம்பர் 25-ஐப் பாருங்கள். 1927-ல் அன்றுதான் மகாட் என்கிற ஊரில் அம்பேத்கர் முன்னிலையில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். 1968-ல் அதே டிசம்பர் 25 இராத்திரிதான் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, நெருப்பில் மாண்டார்கள். அது நல்ல நாளா, கெட்ட நாளா? நாள் என்ன செய்யும்? தீயை வைத்த கை எது, எதற்கு வைத்தது என்றுதான் கேட்கவேண்டுமேயொழிய நாளைக் கேட்டுப் பிரயோசனமில்லை.

அதுவுமல்லாமல், தேதி என்பதே மனிதன் போட்டுக்கொண்ட கணக்கு. புருனோவைக் கொளுத்தின அன்று இங்கிலாந்தில் என்ன தேதி தெரியுமா? பிப்ரவரி 7. வருஷமும் 1600 அல்ல, 1599! ஏனென்றால் பழைய ஜூலியன் கணக்கில் வருஷத்துக்குச் சில நிமிஷம் கூடுதலாகிப் பத்து நாள் பிசகிவிட்டதென்று, 1582-ல் போப் கிரகரி அந்தப் பத்து நாளைத் தள்ளிவிட்டார். அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று ஆக்கினார். கணக்கு சரியான கணக்கு. புருனோவைக் கொளுத்தின அதே கூட்டம் செய்ததாயினும் சரியானதைச் சரியென்று சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்துக்காரன் என்ன செய்தான்? போப் சொன்னதை நாம் கேட்பதா என்று 170 வருஷம் பிடிவாதம் பிடித்தான். அங்கே வருஷப் பிறப்பும் மார்ச் 25-ந் தேதியாக இருந்தது. கடைசியில் 1752-ல் செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று மாற்றிக்கொண்டான். ருஷ்யா 1918-ல்தான் மாற்றிற்று. அதனால்தான் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-ந் தேதி கொண்டாடினார்கள். இத்தனை மாற்றத்திலும் கிழமை மட்டும் மாறவில்லை. புருனோ செத்த அன்று ரோமாபுரியிலும் வியாழக்கிழமை, லண்டனிலும் வியாழக்கிழமை. கிழமையை வைத்து ராகுகாலம் பார்க்கிறவர்கள் இதற்காகச் சந்தோஷப்படலாம்!

நம்முடைய பஞ்சாங்கத்தின் யோக்கியதை என்ன? தை முதல் தேதி உத்தராயணம் பிறக்கிறது, சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று அதில் போட்டிருக்கும். உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. மூன்று வாரத்துக்கு மேலே பிசகு! வேண்டுமானால் ஒரு குச்சியை நட்டு மத்தியான நிழலைத் தினமும் அளந்து பாருங்கள். புரோகிதனும் வேண்டாம், விஞ்ஞானியும் வேண்டாம், நிழலே சொல்லிவிடும். மேகநாத் சாஹா என்கிற பௌதிக சாஸ்திரியின் தலைமையில் சர்க்காரே கமிட்டி போட்டு, ஆராய்ந்து, 1957 மார்ச் 22 முதல் ஒரு தேசியக் காலண்டரையும் ஏற்படுத்திற்று. ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இனி நம் பலகையில் எழுத முடியாத கேள்விகள் சில உண்டு. போன ஐப்பசியில் ஒரு தோழர் எழுதினார்: "நரகாசுரன் செத்தது எந்த வருஷம்?" சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் ஒரு துண்டுகூட இல்லை. மாதம் தெரியும், தேய்பிறை சதுர்த்தசி என்று திதி தெரியும், விடிகிறதற்கு முன்னால் என்று நேரங்கூடத் தெரியும். வருஷம் மட்டும் தெரியாது. ராமன் பிறந்தது நவமி, கிருஷ்ணன் பிறந்தது அஷ்டமி, எந்த வருஷம்? தெரியாது. (அஷ்டமி நவமியில் நாம் ஒரு கடைகூடத் திறக்கக் கூடாதாம், அது வேறு விஷயம்.) திதியும் நாழிகையும் அவ்வளவு சுத்தமாக ஞாபகம் வைத்திருந்தவர்களுக்கு வருஷம் மட்டும் எப்படி மறந்துபோயிற்று? வருஷத்தைச் சொன்னால், "அப்போது இன்னார் இருந்தாரே, இன்ன ஊர் இருந்ததே, அவர்கள் யாராவது இதை எழுதி வைத்தார்களா?" என்று ஒருவன் சாட்சி கேட்பான். திதி மட்டும் சொன்னால் எவனும் ஒன்றும் கேட்க முடியாது. வருஷா வருஷம் தட்சணை மட்டும் கொடுக்கலாம்.

வருஷத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோமே என்பார்கள். பிரபவ, விபவ என்று அறுபது பெயர். நாரதர் பெண்ணாக மாறிக் கிருஷ்ணனிடம் பெற்ற அறுபது பிள்ளைகளாம் அவைகள்! ஆபாசத்தை விட்டுவிடுங்கள், உபயோகத்தைப் பாருங்கள். அறுபது முடிந்தால் மறுபடியும் பிரபவ. செங்கற்பட்டு மாநாடு நடந்தது விபவ வருஷம். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் செய்தது 1989-ல். மார்ச் 25-ந் தேதி முதல் அது செல்லும் என்றார்கள். அந்தத் தேதிக்கும் பஞ்சாங்கப்படி பெயர் விபவ வருஷந்தான்! வெறும் "விபவ வருஷம்" என்று எழுதி வைத்தால், தீர்மானம் செய்த வருஷமும் சட்டம் வந்த வருஷமும் ஒன்றாகவே போய்விடும். நடுவே நம் பெண்கள் ஒன்றுமில்லாமல் கழித்த அறுபது வருஷம் கணக்கிலேயே வராது.

இந்த அறுபது வருஷக் கணக்கு ஏதோ மேடைக்காக நான் சொல்லுவதல்ல. போன வருஷம் இதே நாளில் பலகையில் எழுதப்பட்ட முதல் கேள்வியே, "பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று செங்கற்பட்டில் தீர்மானித்த வருஷம் எது?" என்பதுதான். ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பிய ஒரு அம்மாள், ஏறக்குறைய அறுபது வயதிருக்கும், பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, படிப்பகத்துப் பையனைப் பார்த்து, "தம்பி, தீர்மானம் கிடக்கட்டும். சட்டம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். "1989-ல் அக்கா" என்றான் பையன். "எனக்கு 86-லேயே கல்யாணம் ஆயிருச்சேப்பா" என்றார் அந்த அம்மாள்.

பையனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாதென்று சொல்லிப் புத்தகத்தைத் தேடினான் பாருங்கள், அதற்கு அவனை மெச்சவேண்டும். 1989-ம் வருஷச் சட்டம், அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்ட பெண்களுக்குக் கிடையாது என்று விலக்கியிருந்தது. ஆனால் மத்திய சர்க்கார் சட்டம் 2005 செப்டம்பர் 9-ந் தேதி அமுலுக்கு வந்தபோது அந்த விலக்கு இல்லை. அதிலும், 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்னால் பத்திரம் பதிந்தோ கோர்ட்டுத் தீர்ப்பாலோ பாகப்பிரிவினை ஆகியிருந்தால் அதைக் கலைக்க முடியாது. தகப்பனார் 2005-க்கு முன்பே இறந்துபோயிருந்தாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டென்று 2020 ஆகஸ்ட் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. தேதி, தேதி, தேதி! ஒரு தேதி முன்னே பின்னே ஆனால் நிலம் உண்டு அல்லது இல்லை.

அந்த அம்மாளுக்கு மறுநாள் காலையில் வேலை இருந்தது. கூடப் பிறந்தவர்கள் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, பதிவு ஆபீசுக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி சொல்லியிருந்தார்கள். பங்கு இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. "சும்மா ஒரு சம்பிரதாயம், வந்து கையெழுத்துப் போடு அக்கா" என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. பையன் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் 2004-க்கு முன் எந்தப் பாகப்பிரிவினையும் பதிவாகியிருக்கவில்லை. அந்த நல்ல நேரம் கையெழுத்தில்லாமலே கழிந்துபோயிற்று.

தோழர்களே, இனிச் சொல்லுவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. அன்றைக்குத் தகர டப்பாவில் "1929" என்று முதல் விடை எழுதிப் போட்டவர் யார் தெரியுமா? அந்த அம்மாளின் தம்பி. நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர். கறுப்புச் சட்டைக்காரர். தேதி, தலைவர் பெயர், தீர்மானம் எல்லாவற்றையும் தப்பில்லாமல் எழுதியிருந்தார். அந்த மாதம் பரிசுப் புத்தகமும் அவருக்குத்தான் கொடுத்தோம். நல்ல நேரம் பார்த்தது அண்ணன். தம்பி அதற்கு ஆட்சேபணை சொன்னதாகவும் கேள்வி! ராகுகாலத்தை ஒழித்துவிட்டார், அக்காள் பங்கை மட்டும் ஒழிக்க மனம் வந்தது.

இதை நான் அவரைத் தலைகுனியவைக்கச் சொல்லவில்லை. அவர் இங்கே இருந்தாலும் இருக்கலாம். அவரிடம் நேரிலும் பேசியிருக்கிறேன். "ஊர் வழக்கம் ஐயா, கல்யாணத்துக்குச் செய்யவில்லையா, சீர் அனுப்பவில்லையா" என்றார். 1929-ல் செங்கற்பட்டில் எதிர்த்துப் பேசியிருக்கக் கூடியவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். விடையைக் காகிதத்தில் எழுதியவருக்குக் கேள்வி காதில் விழவேயில்லை. அந்த அம்மாளுக்கு விடை தெரியாது; கேள்வி தன்னைக் கேட்பது தெரிந்தது.

இதனால் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வழக்கு நடக்கிறது, வாய்தாவுக்கு மேல் வாய்தா. தம்பிமார் பேச்சு நின்றுவிட்டது. இந்தப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கரும்புகூட வரவில்லை என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். "கையெழுத்துப் போட்டிருக்கலாமோ?" என்றுகூடக் கேட்டார். "போட்டிருந்தால் கரும்பு வந்திருக்கும் அம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "கரும்பு நானே வச்சுக்குவேன்" என்றார்.

பலகையைப் பற்றி இன்னும் ஒன்று. சென்ற ஜூன் 22-ந் தேதி நம் பிள்ளைகள், "கலிலியோ எரிக்கப்பட்ட வருஷம் எது?" என்று எழுதிவிட்டார்கள். கலிலியோவை எரிக்கவில்லை. 1633-ல் அந்தத் தேதியில் அவரை முழங்காலிட வைத்து, பூமி சுற்றுகிறது என்ற கொள்கையைக் கைவிடுகிறேன் என்று சொல்ல வைத்தார்கள். பிறகு வீட்டுக் காவலிலேயே 1642 ஜனவரி 8-ல் இறந்தார். அவர் விஷயத்தில் தவறு நடந்ததென்று போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டது 1992-ல். உண்மையே போதுமான அளவுக்குக் கொடுமையாக இருக்க, நாம் எதற்கு மேற்கொண்டு நெருப்பு மூட்டவேண்டும்? திதி மட்டும் சொல்லுகிறவனிடம் வருஷம் கேட்கிற நாம், நம் பேச்சுக்கு ஆதாரம் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆகையால் இனிமேல் கேள்வி எழுதுகிறவர்கள், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதைப் பின்னால் உள்ள நோட்டில் எழுதிவிட்டுத்தான் பலகையைத் தொடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் இல்லாவிட்டால் அன்றைக்குப் பலகை காலியாக இருக்கட்டும்.

நாளை 18-ந் தேதி. செங்கற்பட்டு மாநாட்டின் இரண்டாம் நாள். கேள்வி எழுதவேண்டிய முறை யாருடையது என்று பட்டியலைப் பார்த்தேன். அந்த அம்மாளின் பேத்தி பெயர் இருக்கிறது. எட்டாவது படிக்கிற பெண். பலகை அவளுக்கு எட்டாது, முக்காலி ஒன்று போட்டு வையுங்கள்.